சொந்த பைக்கில் நாடு விட்டு நாடு: எல்லையில் வண்டிக்கு என்ன கேட்பார்கள்?

தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள 400 சிசி பைக்கைச் சென்னையிலிருந்து கப்பலில் துபாய்க்கு அனுப்பி, வளைகுடா, துருக்கி வழியாக ஐரோப்பா போகத் திட்டம். விசா வேலைகள் ஓரளவு தெரியும். எல்லையில் பைக்குக்கு என்னென்ன கேட்பார்கள், எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்? இதுதான் கேள்வி.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நுழையும் இடத்தில் அல்ல, வெளியேறும் இடத்தில். உள்ளே வரும்போது ஒரு தாள் குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதிகபட்சம் திருப்பி அனுப்புவார்கள். வெளியேறும்போது ஒரு முத்திரை விட்டுப்போனால் மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் அந்த நாட்டுச் சுங்கத்துறை "பைக் எங்கள் நாட்டை விட்டுப் போனதாகப் பதிவு இல்லை, வரியைக் கட்டு" என்று கடிதம் போடும்போதுதான் தெரியவரும். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைத் தவிர்ப்பதற்கான வேலைதான்.

முதலில் தரைவழி பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து மேற்கே அட்டாரி–வாகா 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கிழக்கே மணிப்பூரின் மோரே வழியாக மியான்மருக்குள் போய் தாய்லாந்தைத் தொடும் பாதை, 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு சுற்றுப்பயணிகளுக்கு இல்லாமல் போய்விட்டது. (மோரேயில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறி, கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் நடத்துகிறார்கள். அதற்காகவாவது அதுவரை போய்வரலாம்.) சீனாவுக்குள் சொந்த வண்டியில் போக உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனம், கூடவே வரும் வழிகாட்டி, தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும்; தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கப்பல் அல்லது விமானச் சரக்குதான் வழி என்ற உங்கள் கணக்கு சரி.

ஆனால் துபாயில் தொடங்குவது சரியா என்று ஒருமுறை யோசியுங்கள். அங்கிருந்து துருக்கி போக ஈரானையோ, ஈராக்கையோ, ஜோர்டான்–சிரியாவையோ கடந்தாக வேண்டும். மூன்றின் நிலைமையும் மாதத்துக்கு மாதம் மாறுவது. வழி அடைபட்டால் வளைகுடாவிலிருந்து துருக்கிக்கு இன்னொரு கப்பல் கூலி. ஐரோப்பாதான் இலக்கு, பாலைவனம் பார்ப்பது நோக்கமில்லை என்றால் ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றுக்கே நேராக அனுப்பிவிடலாம். அதில் இன்னொரு லாபமும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்னெட் என்ற சுங்க உத்தரவாதப் புத்தகம் தேவையில்லை, அதற்காக வங்கியில் பணத்தை முடக்க வேண்டியதில்லை.

கார்னெட் என்றால் என்ன என்பதிலிருந்து வருவோம். எல்லையில் உங்களுக்கு இரண்டு துறைகளோடு வேலை. இமிக்ரேஷன் உங்களைப் பார்க்கிறது. சுங்கம் பைக்கைப் பார்க்கிறது. சுங்கத்தின் கண்ணில் உங்கள் பைக் பயண வாகனம் அல்ல, இறக்குமதிப் பொருள். வரி கட்டாமல் உள்ளே விட்டால் நீங்கள் அதை அங்கேயே விற்றுவிடலாம் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்துக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஈரான், எகிப்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் கார்னெட் கேட்கும். தென்னமெரிக்க, மத்திய ஆசிய நாடுகளில் எல்லையிலேயே ஒரு தற்காலிக இறக்குமதித் தாள் எழுதித் தருவார்கள். வெளியேறும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். துருக்கி, ஐரோப்பா போன்ற இடங்களில் கணினிப் பதிவோ அல்லது அதுவும் இல்லாமலோ முடியும்.

கார்னெட் முறை 1954ஆம் ஆண்டு சுங்க உடன்படிக்கையின்படி நடப்பது. உங்கள் நாட்டு வாகன சங்கம், "இந்த வண்டி திரும்பி வராவிட்டால் வரியை நாங்கள் கட்டுகிறோம்" என்று அயல்நாட்டுச் சுங்கத்துக்கு எழுதித் தரும் உறுதிமொழி அது. இந்தியாவில் மும்பை, சென்னை, கொல்கத்தா, டெல்லியில் உள்ள மண்டல ஆட்டோமொபைல் சங்கங்கள் வழியாக வாங்க வேண்டும். தென்னிந்தியாவுக்குச் சென்னையில் உள்ள சங்கம். சங்கம் தன் கையைச் சுட்டுக்கொள்ளாது, ஆகவே உங்களிடம் வங்கி உத்தரவாதம் கேட்கும். அந்தத் தொகை பைக்கின் மதிப்பையும், நீங்கள் போகும் நாடுகளில் எங்கே இறக்குமதி வரி மிக அதிகமோ அந்த நாட்டையும் வைத்து முடிவாகும். பைக் மதிப்பைப் போலச் சில மடங்கு ஆவதும் உண்டு. "போனாலும் போவேன்" என்று பட்டியலில் ஒரு நாட்டைச் சும்மா சேர்த்தால், அந்த ஒரு நாட்டுக்காக உத்தரவாதம் ஏறிவிடும். போகிற நாட்டை மட்டும் சொல்லுங்கள்.

கார்னெட் ஓராண்டு செல்லும். 5, 10, 25 தாள்கள் கொண்டதாகக் கிடைக்கும். தாள் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: நாட்டுக்கு ஒன்று அல்ல, நுழைவுக்கு ஒன்று. துபாயில் இறங்கி, ஓமன் போய், திரும்ப அமீரகம் வந்து, சவூதி, ஜோர்டான் போனால் 5 தாளும் முடிந்தது. வளைகுடா நாடுகளுக்கிடையே சுங்க ஒன்றியம் இருக்கிறதே என்று கவுண்டரில் யாராவது சொன்னாலும், ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி நுழைவு, தனித்தனி வெளியேற்றம் கேட்டு வாங்குங்கள். 10 தாள் எடுப்பதே நல்லது.

ஒரு தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறுக்கே மூன்று பகுதிகள். அடிப்பகுதி நுழைவுச் சீட்டு. உள்ளே வரும்போது சுங்க அதிகாரி முத்திரையிட்டுக் கிழித்து வைத்துக்கொள்வார். நடுப்பகுதி வெளியேற்றச் சீட்டு. அந்த நாட்டை விட்டுப் போகும்போது கிழிப்பது. மேல்பகுதி புத்தகத்தோடேயே நிற்கும் அடிக்கட்டை. அதில் நுழைவுக்கு ஒரு முத்திரை, வெளியேற்றத்துக்கு ஒரு முத்திரை, தேதி, கையெழுத்து, சுங்கச் சாவடியின் பெயர். கடைசியில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த மேல்பகுதி மட்டும்தான். கிழித்த சீட்டுகள் அவர்கள் அலுவலகத்தில் தொலையலாம். அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் இருந்தால் அந்த நாட்டுக் கணக்கு முடிந்தது என்று சங்கம் வாதாட முடியும்.

போக்குவரத்து அதிகமில்லாத சாவடிகளில் கார்னெட்டை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பார்க்கும் அதிகாரிதான் உட்கார்ந்திருப்பார். அவர் நடுச்சீட்டையும் சேர்த்துக் கிழித்துவிடுவது சகஜம். நுழைவு முத்திரையை வெளியேற்றக் கட்டத்தில் குத்துவதும் உண்டு. வெளியேறும்போது பழைய தாளை விட்டுவிட்டு அடுத்த புதுத்தாளைத் திறந்து, அதில் நுழைவு போட்டுவிடுவார்கள்; இதுதான் மோசமானது, ஏனென்றால் இப்போது அந்த நாட்டில் உங்கள் பேரில் இரண்டு பைக் உள்ளே இருக்கிறது. ஆகவே புத்தகத்தை நீட்டும்போதே சரியான தாளில் மடித்து, "நுழைவு" என்ற பகுதியில் விரலை வைத்துக் காட்டி நீட்டுங்கள். மற்ற தாள்களை ஒரு கிளிப் போட்டுச் சேர்த்துவிடுங்கள். திரும்ப வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் நான்கு விஷயம் பாருங்கள்: முத்திரை சரியான கட்டத்தில் இருக்கிறதா, தேதி படிக்க முடிகிறதா, கையெழுத்து இருக்கிறதா, கிழிக்க வேண்டியது மட்டும் கிழிந்திருக்கிறதா. தவறாகப் போட்டிருந்தால் அவரிடமே அடித்துத் திருத்தி, பக்கத்தில் இன்னொரு முத்திரையும் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். நீங்களாகப் பேனாவை எடுக்காதீர்கள்.

நடுச்சீட்டு முன்பே கிழிந்து போயிருந்தால் பதற வேண்டியதில்லை. வெளியேறும்போது அடிக்கட்டையில் வெளியேற்ற முத்திரை வாங்கிவிட்டால் போதும். அதுவும் இல்லாமல் அடுத்த நாட்டுக்குள் வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இரண்டு ஆதாரங்கள் கைகொடுக்கும். அடுத்த நாட்டின் நுழைவு முத்திரை, அதே தேதியில். மற்றொன்று, கார்னெட்டின் பின்பகுதியில் உள்ள இருப்பிடச் சான்றிதழ்: "இந்த வண்டியை இன்ன இடத்தில், இன்ன தேதியில் நேரில் பார்த்தோம்" என்று சுங்கமோ, காவல்துறையோ, தூதரகமோ எழுதிக் கையெழுத்திடுவது. ஊர் திரும்பியதும் இதை நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது.

புறப்படும் முன்னால் வீட்டிலேயே கார்னெட் முகப்பைச் சரிபாருங்கள். உரிமையாளர் பெயர், பதிவெண், உற்பத்தி ஆண்டு, எடை, மதிப்பு, சேஸிஸ் எண், இன்ஜின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, நிறம், இருக்கை, உதிரி டயர், மற்ற பொருள்கள் என்று கட்டங்கள் இருக்கும். சேஸிஸ் எண்ணின் 17 இடங்களையும் ஆர்.சி.யைப் பார்த்து அல்ல, பைக்கைப் பார்த்தே ஒப்பிடுங்கள். அந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வரவே வராது என்பது உலகப் பொது விதி. கார்னெட்டில் ஓ அடித்திருந்தால் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். பைக்குக்கு வேறு நிறம் அடித்திருந்தாலோ, இன்ஜின் மாற்றியிருந்தாலோ முதலில் ஆர்.டி.ஓ. பதிவில் ஏற்றிவிட்டுப் பிறகு கார்னெட்டுக்குப் போங்கள். சைடு பாக்ஸ், கூடுதல் விளக்கு, ஜிபிஎஸ் ஆகியவற்றை "மற்ற பொருள்கள்" கட்டத்தில் எழுத வையுங்கள். கடைசி அட்டையில் கார்னெட் செல்லும் நாடுகளின் பட்டியல் இருக்கும். நீங்கள் போகும் நாட்டின் பெயர் குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரிய தலைவலி. ஆர்.சி.யில் "எஸ். குமார்", ஓட்டுநர் உரிமத்தில் "குமார் எஸ்", பாஸ்போர்ட்டில் "செல்வராஜ் குமார்" என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். வளைகுடாச் சுங்க அதிகாரிக்கு மூன்று பேர். அதிலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறதோ அதைப் பொறுத்து, கணினியில் உங்களை அப்பா பெயரால்தான் தேடுவார்கள். கார்னெட், கப்பல் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங், சர்வதேச ஓட்டுநர் அனுமதி மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஆர்.சி.யை மாற்ற நேரம் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் இரு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, அதன் அரபு மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பில் ஆஃப் லேடிங்கில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் திருத்தம் வரும்வரை துறைமுகத்தில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஏஜென்ட் வரைவு அனுப்பும்போதே பார்த்துவிடுங்கள்.

பைக் கடனில் இருந்தால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக வங்கியின் ஆட்சேபணையில்லாச் சான்று கேட்பார்கள். முடிந்தால் கடனை அடைத்து, அந்தப் பதிவை நீக்கிவிட்டுக் கிளம்புவதே நிம்மதி. நண்பர் பைக், அண்ணன் பைக் வேண்டாம். அதிகாரக் கடிதம் கொடுத்தால் விதிப்படி செல்லும்தான். ஆனால் ஒவ்வொரு எல்லையிலும் அந்தக் கடிதத்துக்கு ஒரு விவாதம் நடக்கும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஆர்.டி.ஓ.வே தருகிறது; 1949 ஜெனீவா உடன்படிக்கை வடிவில், ஓராண்டுக்கு. அதன் புகைப்படப் பக்கத்தில் ஆங்கில ஏ முதல் ஈ வரை கட்டங்கள் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு ஏ. கார் உரிமமும் வைத்திருப்பவர்களுக்கு அவசரத்தில் பி கட்டத்தில் மட்டும் முத்திரை விழுந்துவிடலாம்; அதை வைத்துக்கொண்டு பைக் ஓட்டுவது உரிமமே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம், விபத்து நடந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும். கவுண்டரிலேயே திறந்து பாருங்கள். ஊர் உரிமத்தின் அசலும் கூடவே இருக்க வேண்டும்.

இனி சரக்கு அனுப்புவது. விமானத்தில் அனுப்பினால் எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். கன அளவுக் கணக்கு: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுப்பது. பைக்கை அப்படியே 220 × 80 × 120 பெட்டியில் வைத்தால் 352 கிலோ. முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடி, விண்ட்ஷீல்டு கழற்றி 190 × 70 × 105 பெட்டிக்குள் அடக்கினால் 233 கிலோ. மூன்றில் ஒரு பங்கு கூலி குறைகிறது. ஆனால் இறங்கும் இடத்தில் கிடங்கு வாசலில் உட்கார்ந்து திரும்ப மாட்ட ஆக்ஸில் ஸ்பேனரும் ஆலன் கீ செட்டும் கைப்பையில் வேண்டும். விமானத்துக்கு டேங்கில் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. எதில் அனுப்பினாலும் டேங்கைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி முனைகளுக்கு டேப் ஒட்டிவிட்டால் கேள்வி வராது. மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை கட்டாயம்; மரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான அடையாளம் அது. தெருமுனைத் தச்சர் செய்து தரும் பலகைப் பெட்டி அயல்நாட்டில் பூச்சிக் கட்டுப்பாட்டில் நிற்கும்.

கப்பலில் தனிக் கண்டெய்னர் எடுக்காமல் பலர் சரக்கோடு பங்கு போட்டு அனுப்பினால் கூலி கன மீட்டர் கணக்கு. மேலே சொன்ன சின்னப் பெட்டி 1.4 கன மீட்டர்தான் வரும். கூலி மலிவாகத் தெரியும். பணம் போவது இறங்கும் துறைமுகத்தில்: கண்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர், கிடங்கு வாடகை, ஏஜென்ட் கூலி. ஏற்றுமதிக் கூலியை மட்டும் ஒப்பிட்டு ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இறங்கும் இடத்துக் கட்டணங்களை எழுத்தில் கேளுங்கள். "இது கார்னெட்டில் வரும் தற்காலிக வண்டி" என்று இரு பக்க ஏஜென்ட்டுகளுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண இறக்குமதியாகப் போட்டு, வரி வைப்புத்தொகை கேட்டுவிடுவார்கள். கார்னெட்டில் நுழைவு முத்திரையும் விழாது, பிறகு தரை எல்லையில் வெளியேற்றம் எதன்மேல் போடுவது? கார்னெட் இல்லாமல் ஐரோப்பாவுக்கு நேராக அனுப்புகிறவர்கள், ஏற்றுமதிச் சுங்கத் தாளான இந்திய ஷிப்பிங் பில்லில் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். திரும்பி வரும்போது போன வண்டிதான் வந்திருக்கிறது என்று காட்ட அதைத் தவிர வேறு பிடி கிடையாது.

தரை எல்லையில் ஒரு நாள் எப்படிப் போகும்? வெளியேறும் நாட்டில் சுங்கம், இமிக்ரேஷன் இரண்டு. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத சில நூறு மீட்டர். நுழையும் நாட்டில் இமிக்ரேஷன், சுங்கம், காப்பீட்டுக் கடை. இமிக்ரேஷன் முத்திரை முதலில் விழுந்துவிட்டால் அதிகாரிகள் "கிளம்பு, கிளம்பு" என்று பாரியரைத் தூக்கிவிடுவார்கள். சுங்கத்தை மறந்து தாண்டிவிடுவது இப்படித்தான். தாண்டிய பிறகு திரும்ப உள்ளே வர விசா இருக்காது, ஒற்றை நுழைவு விசா என்றால் அது அப்போதே செத்துவிட்டது. ஆகவே பாஸ்போர்ட்டை நீட்டும் முன் "சுங்கம் எங்கே?" என்று கேட்டு, பைக் வேலையை முடித்துவிடுங்கள். ஊழியர் முதலில் இமிக்ரேஷன்தான் என்று சொன்னால் அப்படியே செய்யுங்கள், ஆனால் பாரியருக்கு முன்னால் கார்னெட்டைத் திறந்து பார்க்காமல் கிளட்சை விடாதீர்கள்.

பெரிய எல்லைகளில் லாரிக்கு ஒரு பாதை, பேருந்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று இருக்கும். பைக்குக்குக் கார் பாதை. லாரிப் பாதையில் நுழைந்தால் சரக்கு ஏஜென்ட்டுகளின் கூட்டத்தில் அரை நாள் போய்விடும். சீருடை இல்லாமல் வந்து "நான் முடித்துத் தருகிறேன்" என்று கை நீட்டுகிறவரிடம் பாஸ்போர்ட்டையும் கார்னெட்டையும் தராதீர்கள். உதவி தேவைப்பட்டால் கூலியை முதலில் பேசி, தாள்களை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு கூட நடங்கள். எந்தக் கட்டணத்துக்கும் ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் தொகை குறைந்தால் அது கட்டணம் அல்ல.

சுங்க அதிகாரி பைக்கருகே வந்தால் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: சேஸிஸ் எண்ணைக் காட்டு. பல பைக்குகளில் அது ஹேண்டிலுக்குக் கீழே முன்கழுத்தில் அடித்திருக்கும். கேபிள், டேங்க் பேக், மூன்று நாட்டுத் தூசி எல்லாம் அதை மறைத்திருக்கும். ஒரு பழைய துணி, சின்ன டார்ச் இரண்டும் டேங்க் பேக்கில் மேலாக இருக்கட்டும். ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினால் எண் தெரியும் என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் சேஸிஸ் பிரிண்ட் ஒன்றைக் கோப்பில் ஒட்டி வைத்தால், பல அதிகாரிகள் குனியாமலேயே திருப்தி அடைந்துவிடுவார்கள்.

வாரநாள் கணக்கும் பாருங்கள். சவூதி, ஜோர்டானில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளி அரைநாள். எல்லை திறந்தே இருக்கும், கார்னெட் தெரிந்த அதிகாரிதான் இருக்கமாட்டார். வாரநாளில் காலை நேரம் பிடியுங்கள்.

உங்கள் இந்தியக் காப்பீடு எல்லைக்கு அப்பால் செல்லாது. கூடுதல் பிரீமியம் கட்டி எல்லையை நீட்டிக்கலாம், ஆனால் அதுவும் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரைதான். மற்ற நாடுகளில் எல்லையிலேயே மூன்றாம் தரப்புக் காப்பீடு வாங்க வேண்டும். வாங்கும் சீட்டில் பதிவெண் சரியாக இருக்கிறதா, வாகன வகை மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறதா, தொடங்கும் நேரம் இன்றைக்கா நாளைக்கா என்று பாருங்கள். ஜார்ஜியாவில் 2018 மார்ச் 1 முதல் அயல்நாட்டு வண்டிகளுக்குக் காப்பீடு கட்டாயம். எல்லைக்கு முன்பே இணையத்தில் வாங்கிவிடலாம். ஒரு நாட்டு வாகனக் காப்பீடு மற்ற நாடுகளிலும் செல்லும் ஏற்பாடான ஐரோப்பாவின் கிரீன் கார்டு முறையில் இந்தியா இல்லை. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் முதல் நாட்டில், உங்கள் திட்டப்படி பல்கேரியாவின் கபிடான் ஆந்த்ரேயேவோவில், எல்லைக் காப்பீடு கேட்டு வாங்குங்கள். ஒன்றியம் முழுவதற்கும் செல்லுமா என்று சீட்டில் உள்ள நாட்டுக் குறியீடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்ட குறியீட்டு நாட்டில் அந்தச் சீட்டு செல்லாது.

துருக்கியில் ஒரு பொறி. பைக் உங்கள் நுழைவுப் பதிவோடு இணைக்கப்படும். வீட்டில் அவசரம் என்று பைக்கை இஸ்தான்புல்லில் நண்பர் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறப் போனால், இமிக்ரேஷன் கணினி "வண்டி எங்கே?" என்று கேட்டு நிறுத்தக்கூடும். அப்படி நிலை வந்தால் முதலில் சுங்க அலுவலகம் போய், அவர்கள் காவலில் பைக்கை ஒப்படைத்து எழுத்து வாங்கிய பிறகே விமான நிலையம் போங்கள்.

விசாவைப் பற்றித் தெரியும் என்கிறீர்கள். வரிசை மட்டும் சொல்கிறேன். ஷெங்கன் விசாவை முதலில் எடுங்கள், பலமுறை நுழைவதாக. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியருக்குத் துருக்கி இ-விசா கிடைக்கும், ஜார்ஜியாவுக்குத் தனி விசாவே வேண்டாம். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லையிலும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. ஆகவே 180 நாளில் 90 நாள் என்ற எண்ணிக்கை கபிடான் ஆந்த்ரேயேவோவிலேயே ஓடத் தொடங்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணுப் பதிவு முறை கைரேகையோடு நாளையும் எண்ணுகிறது. மங்கலான முத்திரையைக் காட்டிச் சமாளித்த காலம் முடிந்தது.

ஐரோப்பாவில் பைக்குக்கு ஆறு மாதம் வரியில்லாமல் இருக்க அனுமதி. நிபந்தனை ஒன்று: ஓட்டுகிறவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும். பாரிஸில் இருக்கும் மச்சான் "ஒரு ரவுண்டு கொடுடா" என்று சாவியை வாங்கி, தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பெல் வரை போய், வழியில் போலீஸ் நிறுத்தினால் பிரச்சினை வேகத்தில் அல்ல, சுங்க வரியில். ஒன்றியத்தில் வசிப்பவர் வரி கட்டாத அயல்நாட்டு வண்டியை ஓட்டினார் என்றால் சலுகை ரத்தாகி, வரி விழும். சாவியைக் கொடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அங்கே பாஸ்போர்ட் கேட்காமல் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

பை என்றதும்: அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அம்மா அரைத்துக் கொடுத்த குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ட்ரமடால், கோடீன் உள்ள வலி மாத்திரை, இருமல் மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும். ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கூடாது, நெய்யும் அதில் சேர்த்தி. கருவாட்டுக்கு 20 கிலோ வரை தடையில்லை என்பது தமிழனுக்கு ஆறுதல். ட்ரோன் வேண்டவே வேண்டாம்; ஜோர்டானிலும் எகிப்திலும் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் எல்லையிலேயே பறிபோகும். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியை ஐரோப்பாவில் வாங்கினால், இந்தியாவில் அதை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம் என்பதை ஞாபகம் வையுங்கள்.

பைக்கின் பின்னால் "ஐஎன்டி" என்ற வெள்ளை முட்டை வடிவ ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 17.5 × 11.5 சென்டிமீட்டர் அளவு போதும். பாஸ்போர்ட், ஆர்.சி., கார்னெட் முகப்பு, ஓட்டுநர் அனுமதி ஆகியவற்றின் நகல் பத்துப் பத்து வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்கும் இயந்திரம் எல்லையில் எப்போதும் பழுதாகவே இருக்கும், அல்லது எதிர்க்கடைக்காரர் வைத்ததே விலையாக இருக்கும்.

வண்டி வழியில் நிரந்தரமாகக் கெட்டுப்போனால்? விற்கக் கூடாது, ரோட்டோரம் விட்டுவிட்டும் வரக் கூடாது. கார்னெட்டுக்கான சுங்க உடன்படிக்கை தரும் வழிகள் மூன்று: வரியைக் கட்டி அங்கேயே விடுவது, அரசுக்கே இலவசமாக ஒப்படைப்பது, சுங்க அதிகாரி முன்னிலையில் அழிப்பது. எதைச் செய்தாலும் கார்னெட் தாளில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். திருட்டுப் போனால் அன்றே போலீஸ் புகார், மறுநாளே சுங்கத்துக்கும் சங்கத்துக்கும் தகவல். பழுது பார்க்க நாளாகி அனுமதிக்கப்பட்ட காலம் தாண்டும் போலிருந்தால், காலம் முடியும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் அது அபராதப் பேச்சுதான்.

இத்தனைக்கும் ஒத்திகை பார்க்க நேபாளம் நல்ல இடம். இந்தியப் பதிவு வண்டிக்கு அங்கே கார்னெட் கேட்பதில்லை. சுனௌலியிலோ ரக்சௌலிலோ எல்லை தாண்டியதும் "பன்சார்" என்ற சுங்க அனுமதி, நாள் கணக்கில் பணம். திட்டமிட்டதைவிட இரண்டு மூன்று நாள் கூட்டியே கட்டுங்கள்; மழையில் மலைச்சரிவு ஏற்பட்டால் ரோடு திறக்க நாளாகும், கூடுதல் நாளுக்கு அபராதம் தனி. வழியெங்கும் போலீஸ் கேட்பது அந்தச் சீட்டைத்தான். வெளியேறும்போது அதை ஒப்படைத்துக் கணக்கை முடிக்காமல் வந்தால் அடுத்த முறை நுழையும்போது கேள்வி வரும். சின்ன அளவில் எல்லா எல்லைகளின் கதையும் இதுதான்.

ஊர் திரும்பியதும் கார்னெட்டை உடனே சங்கத்தில் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் ஒவ்வொரு அடிக்கட்டையையும் பார்த்து முடித்த பிறகே வங்கி உத்தரவாதம் விடுபடும். கார்னெட் காலாவதியான நாளிலிருந்து ஓராண்டு வரை அயல்நாட்டுச் சுங்கம் "வெளியேற்றம் பதிவாகவில்லை" என்று நோட்டீஸ் அனுப்பலாம். அது வந்தால் ஆதாரம் காட்டச் சங்கத்துக்கு மேலும் ஓராண்டு. ஆகவே ஒவ்வொரு முத்திரைக்குப் பிறகும் பாரியரைத் தாண்டியதும் (எல்லை வளாகத்துக்குள் கேமராவை எடுக்காதீர்கள்) அந்தத் தாளைப் படமெடுத்து, காப்பீட்டுச் சீட்டு, பெட்ரோல் ரசீது, ஓட்டல் பில்லோடு சேர்த்து, கார்னெட் காலாவதியான தேதியிலிருந்து இரண்டு ஆண்டு வைத்திருங்கள்.